ஆர்ச்சி லைன்ஸ்மேனுக்கு நன்றி சொன்ன வெள்ளிக்கிழமை

1985 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மணி நான்கு ஐம்பத்தைந்து. நிழலில் நாற்பத்தொரு டிகிரி. காற்று துளிக்கூட இல்லை. கடல் பக்கத்திலிருந்து வந்த ஈரம் மட்டும் சட்டைக்குள் புகுந்து நின்றது. ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த கால்பந்துக் கிளப்பின் மைதானத்தில் கோப்பைப் போட்டியின் அரையிறுதி நடந்துகொண்டிருந்தது. அணிக்கு ஒரு கோல். எங்கள் அணியின் ஸ்காட்லாந்துக்காரர் ஆர்ச்சி எதிர்ப்பக்க ஓரத்தில் பந்தைத் துரத்திப் போனார். ஆஃப்சைடு என்று லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். ஆர்ச்சி நின்று, அவரைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "நன்றி ஐயா" என்றும் சொன்னதாக அந்த லைன்ஸ்மேன் பிறகு எங்களிடம் சொன்னார்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

பிசியோ வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் எழுந்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. அவர் விழவில்லை, கத்தவில்லை, தொடையைப் பிடித்துக்கொள்ளவில்லை. மரியாதையாக நடந்துகொண்டார், அவ்வளவுதான். அதற்காக ஒரு பிசியோ பதறலாமா? எதற்குப் பதறுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிகிச்சை முறைகள் உங்கள் பாடப்புத்தகத்தில் என்னைவிட நன்றாகவே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆர்ச்சி எங்களிடம் வந்தது அதற்கு முந்தைய ஆண்டு. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. ஆடும் இடம் வலது ஓரம். மெட்ராஸ் மைதானங்களில் 'ரைட் அவுட்' என்போம், அவர் 'விங்கர்' என்பார். ஓரக் கோட்டை ஒட்டி ஓடி, எதிரணியின் பின்வரிசைக்காரரைத் தாண்டி, கோல் முன்னால் பந்தைத் தூக்கிப் போடுவது அவர் தொழில். பதினாறு வயதில் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் அதையே செய்திருந்தார்.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளையும் அவர் எனக்கு வரிசையாகச் சொன்னதில்லை. சிகிச்சை மேஜையில் படுத்திருக்கும்போது என் விரல் எந்தத் தழும்பில் படுகிறதோ அந்த ஆண்டு வெளியே வரும். இடது கணுக்காலில் இருந்த முடிச்சு பத்தொன்பதாவது வயது: கப்பல் கட்டும் ஊர் ஒன்றின் சின்னக் கிளப், முழங்கால் வரை சேறு, கப்பல் தகட்டில் ரிவெட் ஆணி அடிக்கும் அப்பா வேலை முடிந்து தொப்பியைக் கழற்றாமல் கோட்டோரம் நின்று பார்த்த ஆட்டம். வலது முழங்காலின் நீளக் கோடு இருபத்து ஆறு: பெரிய நகரம், பெரிய கிளப், ஐம்பதாயிரம் பேர் கத்துகிற மைதானம், அங்கே நான்கு வருடம். முதுகுக்குக் கீழே இருந்த பள்ளம் இங்கிலாந்தில் ஆடிய காலம். அதைப் பற்றிப் பேசப் பிடிக்காது. தோள்பட்டையில் எந்தத் தழும்பும் இல்லை. ஆனாலும் அதைத் தொட்டபோது ஒருநாள் சொன்னார்: நாட்டுக்காக ஆட ஒரே ஒரு முறை அழைத்தார்களாம். புதுச் சட்டை கொடுத்து, தொண்ணூறு நிமிடமும் பெஞ்சில் உட்காரவைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"சட்டை எங்கே?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட. தோய்க்கவே விடமாட்டாங்க. அதுல அழுக்கே இல்லைன்னு சொன்னாலும் கேக்கமாட்டாங்க, டாக்."

என்னை 'டாக்' என்றுதான் கூப்பிடுவார். வளைகுடாவில் கையில் பை வைத்திருக்கிற எல்லாரும் டாக்டர்தான்.

இத்தனை அடி வாங்கியும் ஒருமுறைகூட ஸ்ட்ரெச்சரில் வெளியே போனதில்லை என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. எலும்பு முறிந்தபோதும் நொண்டிக்கொண்டாவது நடந்தே போயிருக்கிறார். "ஓரக்கோடுதான் எனக்குத் துணை. என்னை உதைக்காத டிஃபெண்டர் அது ஒண்ணுதான்" என்பார்.

அவரைக் கவனிப்பதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. மெட்ராஸ் அரசு மருத்துவமனையில் ஒன்பது வருடம் நான் பார்த்துப் பழகியது நம்மவர் தோல். எங்கே வீக்கம், எங்கே சூடு, யாருக்கு ரத்தம் வடிந்து முகம் வெளுக்கிறது என்பதெல்லாம் அந்த நிறத்தில் தெரியும். ஆர்ச்சியிடம் அது எடுபடவில்லை. காலையில் இளஞ்சிவப்பு, பயிற்சி முடிந்தால் செங்கல் நிறம், மத்தியானம் தக்காளி. எதைப் பார்த்துப் பயப்படுவது? அதனால் தோலை விட்டுவிட்டு நடத்தையை எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவது என் பழக்கம். மாடிப்படி ஏறினாலும் எண்ணுவேன், என் மனைவி மங்களா இதற்காக என்னைக் கேலி செய்யாத நாளில்லை.

எண்ணியதில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பந்து வேண்டும் என்று வலது கையை உயர்த்திக் கத்துவார்; பாதி ஆட்டத்துக்கு முப்பது முறைக்குக் குறையாது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினால் திட்டுவார், விதிவிலக்கே கிடையாது. அவர் பேசும் ஸ்காட்லாந்து ஆங்கிலம் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் அந்த மனிதரின் கண், கல்யாணம், குலம் மூன்றையும் விசாரிப்பார். ஜலதோஷம் பிடித்த நாளில்கூட இந்த இரண்டும் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மைதானத்தில் விளக்குக் கம்பங்கள் அப்போது கிடையாது. மாலைத் தொழுகைக்கு முன் ஆட்டம் முடிய வேண்டும் என்பதால் மூன்றரைக்கே தொடங்குவோம். கூரை போட்ட பெரிய ஸ்டாண்ட் மேற்கே மட்டும். கிளப் தலைவரும் அவர் விருந்தாளிகளும் அங்கே. கிழக்கே வெறும் சிமென்ட் படிகள், நேர் வெயில். தொழிற்பேட்டை காரேஜ்களிலிருந்து வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு வரும் மலையாளிகளும் தமிழர்களும் பட்டாணியர்களும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்வார்கள். ஸ்டாண்டின் நிழல் மேற்கு ஓரக் கோட்டில் விழும். ஆர்ச்சி முதல் பாதியில் அந்த நிழலில் வலது ஓரமாக ஆடுவார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்போது வலது ஓரம் வெயிலுக்குப் போய்விடும். உடனே இடது ஓரத்துப் பையனோடு இடத்தை மாற்றிக்கொண்டு மறுபடி நிழலுக்கே வந்துவிடுவார். எங்கள் பயிற்சியாளர் எகிப்துக்காரர், கறாரானவர். ஆனாலும் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். கிழக்குப் படிக்காரர்களுக்கு மட்டும் இதில் குறை.

"ஏலே வெள்ளக்காரா, ஒருநா இந்தப் பக்கமும் வாலே! நாங்களும் டிக்கெட் எடுத்துத்தான வந்துருக்கோம்!" என்று திருநெல்வேலிக் குரல் ஒன்று தவறாமல் கேட்கும். ஆர்ச்சிக்கு அர்த்தம் சொன்னேன். அன்றிலிருந்து அந்தத் திசையைப் பார்த்து ஒரு சலாம் போடுவார்.

அப்படித்தான் சிநேகமானது. அரையிறுதிக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, தன் காரைச் சரிபார்க்க அவர்கள் காரேஜுக்குப் போனார். அவர்கள் மெஸ்ஸிலேயே உட்காரவைத்து மீன் குழம்பும் பரோட்டாவும் போட்டிருக்கிறார்கள். வியாழன் காலை என்னிடம் வந்தபோது வயிற்றுப்போக்கு. ஐந்து முறை என்றார், மத்தியானத்துக்குள் ஒன்பது.

நான் பயிற்சியாளரிடம் போனேன். "நாளைக்கு இவர் வேண்டாம். உடம்பில் தண்ணீரே இல்லை."

"யா டாக்டர், இந்த ஊரில் யாருக்கு வயிறு சரியாக இருக்கிறது?" என்று சிரித்தார். மாலையில் மறுபடி சொன்னேன். வெள்ளி மத்தியானம் மூன்றாவது முறை சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எதிரணியின் இடது பின்வரிசைக்காரன் புதுப் பையன், பலவீனமானவன் என்றார். ஆர்ச்சி இரண்டு பாதியும் அவன் மேலேயே ஓட வேண்டும் என்றார். அதாவது இரண்டாம் பாதி முழுக்க வெயிலில்.

ஆர்ச்சியிடம் சொல்லி அவரையே மறுக்க வைக்கலாம் என்று பார்த்தேன். அவர் தலையாட்டவில்லை. "டாக், இந்த சீசன் எட்டு மாசம். கடல் பக்கம் எங்க ஊர்ல ஒரு சின்ன விடுதி, ஆறு ரூம். என் பொண்டாட்டி முன்பணம் கொடுத்துட்டா. இந்த எட்டு மாசச் சம்பளம் வந்தா அது எங்களுது. ஆடமாட்டேன்னு சொல்ற முப்பத்தஞ்சு வயசு விங்கரை யாரு வச்சுக்குவா?"

ஆடினார்.

இரண்டாம் பாதியில் அவர் கிழக்கு ஓரத்துக்குப் போனதும் படிகளில் திருவிழா. "வந்துட்டான்லே! வெயிலுக்கு வந்துட்டான்!" ஆர்ச்சி சலாம் போட்டார். முதல் பத்து நிமிடத்தில் ஏழு முறை கை உயர்ந்தது. அடுத்த பத்தில் ஒன்று. பிறகு இல்லவே இல்லை. எதிரணிப் பையனை ஒருமுறை அழகாகத் தாண்டிப் போய், யாருமே இல்லாத பக்கம் பந்தைத் தட்டினார். தவறு எல்லாருக்கும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் அந்தக் கொடி, அந்தக் கட்டைவிரல்.

"மாற்றுங்கள் அவரை" என்றேன்.

பயிற்சியாளர் திரும்பவில்லை. "யாரை வைத்து? இரண்டு மாற்றும் முடிந்தது. கலாஸ், அவ்வளவுதான், டாக்டர். உட்கார்."

அந்த நாளில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டே மாற்று. அவரை வெளியே எடுத்தால் பத்துப் பேர். நடுவர் கை காட்டாமல் நான் கோட்டைத் தாண்டினால் புகார், அபராதம். இதெல்லாம் பெரிதில்லை. என்னைத் தடுத்தது வேறு. அவர் வெறும் களைப்பில் இருந்தால்? ஒரு மரியாதையான சிரிப்பைப் பார்த்துப் பயந்து, தலைவர் கண் முன்னால் 'இந்த ஆள் முடிந்துவிட்டார்' என்று நானே அறிவித்த மாதிரி ஆகும். ஆறு ரூம் விடுதி என் கையால் போகும். முப்பது வரை எண்ணிப் பார்ப்போம், அதற்குள் ஒருமுறை கை உயர்ந்தால் உட்கார்ந்துவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். பதினொன்று எண்ணும்போது பந்து வெளியே போயிருந்தது; ஆர்ச்சி மட்டும் பந்தில்லாத இடத்தில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தார்.

முப்பது வரை நான் போகவில்லை.

பெஞ்ச் மேற்கே, ஆர்ச்சி கிழக்கே. சுற்றிப் போக நேரமில்லை. தொப்பை போட்ட முப்பத்தெட்டு வயதுக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினேன். அதற்குள் பந்து உள்ளே வந்துவிட்டது. என் பக்கமாகவே வந்தது. நான் தாண்டிக் குதித்தேன். படிகளில் வெடித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏலே, டாக்டரு பந்த வாங்குதாரு!" நடுவர் விசிலை ஊதிக்கொண்டே என் பின்னால் வந்தார்.

ஆர்ச்சியின் கழுத்தைத் தொட்டேன். அடுப்பில் வைத்த தோசைக்கல். நெற்றியில் வியர்வையே இல்லை, உப்பு மட்டும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"வாங்க ஆர்ச்சி, வெளியே போகலாம்."

"முடியாது" என்று என் கையைத் தட்டிவிட்டார். இரண்டாவது முறை இழுத்தபோது முஷ்டியை ஓங்கினார். என்னைப் பார்த்த கண்ணில் நான் இல்லை. வேறு யாரோ பெயரைச் சொல்லி, பழைய டிரெய்னராக இருக்க வேண்டும், "அப்பா பாத்துட்டிருக்கார், வெளியே எடுக்காதீங்க" என்றார். அந்த அப்பா இறந்து பத்து வருடமாகிறது. பிறகு வானத்தைப் பார்த்து, சின்னக் குரலில் கேட்டார்: "மழை நின்னுடுச்சா?"

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழம்பிப்போன மனிதரிடம் உண்மையை நிரூபித்துக்கொண்டு நிற்காதீர்கள். இது ஷார்ஜா, இன்று வெள்ளிக்கிழமை, உங்களுக்கு வெயில் தாக்கியிருக்கிறது என்று நான் விளக்கியிருந்தால் அந்த முஷ்டி என் முகத்தில் இறங்கியிருக்கும். அதற்குள் நேரமும் போயிருக்கும். அவர் எங்கே நின்றுகொண்டிருந்தாரோ அங்கே போய்த்தான் அவரைக் கூட்டிவர வேண்டும்.

"இல்லை, நல்லாப் பெய்யுது. ஆட்டத்தை நிறுத்திட்டாங்க" என்றேன்.

"மழைக்கா? மழைக்கு நிறுத்தவே மாட்டாங்களே!"

"குளமா நிக்குது ஆர்ச்சி. பந்து மிதக்குது."

யோசித்தார். "சரியான சேறுதான்" என்று ஒத்துக்கொண்டு, என் தோளில் கையைப் போட்டார். நடந்தார். குட்டைகளைத் தாண்டுவதுபோல ஓரிரு இடத்தில் காலை உயர்த்தி வைத்தார். கூடவே வந்த நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கிழக்குப் படிகளில் சிரிப்பு நின்றிருந்தது.

வடக்குக் கோலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஆள் நீட்டிப் படுக்கலாம் போன்ற ஃபைபர் தொட்டி. ஐஸ் நிரப்பி, ஆட்டம் முடிந்ததும் தலைவரின் விருந்தாளிகளுக்குக் கொடுக்கக் குளிர்பானப் புட்டிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். காவலுக்கு நின்றவர் தேவராசா. யாழ்ப்பாணத்துக்காரர், கிளப் ஆபீஸில் கணக்கு, தட்டச்சு, அரபி மொழிபெயர்ப்பு எல்லாம் அவர்தான். யாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

"ஐசே, என்ன செய்யிறீர்? உது பிரசிடென்டின்ர சாமான்!"

"தேவராசா, புட்டியை எல்லாம் வெளியே எறிங்க. ஆளை உள்ளே போடணும்."

ஆர்ச்சியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். இரண்டு கையாலும் புட்டிகளை வாரி மணலில் கொட்டினார். "போடும், போடும். கழுத்து வரைக்கும் போடும்."

போட்டோம். அதற்குள் பயிற்சியாளர், செயலாளர், போலீஸ்காரர் ஒருவர் எல்லாரும் கொட்டகையில். "ஆஸ்பத்திரி! யல்லா, யல்லா, காரைக் கொண்டு வா!" என்று ஆளுக்கொரு கூச்சல். நான் விடவில்லை. வெள்ளி மாலைப் போக்குவரத்தில் ஆஸ்பத்திரி அரை மணி. அந்த அரை மணி இந்தச் சூட்டோடு போனால் அங்கே போய்ச் சேருவது ஆர்ச்சியாக இருக்காது. முதலில் இங்கே குளிர வேண்டும், பிறகுதான் கார். இதைச் சொல்லிவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அவர் தலை மூழ்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தொட்டியில் இவர் செத்தால் நான் சிறையிலிருந்துதான் மங்களாவுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது.

செயலாளர் என் கையைப் பிடித்து இழுத்தார். தேவராசா நடுவில் வந்து அரபியில் ஏதோ சொன்னார். செயலாளர் பின்வாங்கினார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "அந்த ஆள் செத்தால் கடைசியாத் தொட்டது ஆர் எண்டு போலீஸ்காரன் எழுதுவான் எண்டன்."

பதினெட்டு நிமிடம். ஆர்ச்சி பல்லைக் கடித்து நடுங்கத் தொடங்கினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தன் மடியில் மிதந்த ஆரஞ்சு புட்டியைப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். இங்கே எழுத முடியாத வார்த்தை. லைன்ஸ்மேன்களுக்கு அவர் வைத்திருந்தது. அதைக் கேட்டதும் அவர் தாடையிலிருந்து கையை எடுத்தேன்.

"இனி ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றேன்.

பத்துப் பேரோடு ஆடிய எங்கள் அணி ஒன்றுக்கு மூன்று என்று தோற்றது.

திங்கட்கிழமை செயலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். செயலாளர் மேஜைமேல் ஒரு தாளைத் தள்ளினார். ஆட்டக்காரர் தன் உடல்நிலையைப் பிசியோவிடமும் பயிற்சியாளரிடமும் மறைத்தார் என்று அதில் இருந்தது. நோயை மறைத்து ஆடினால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று விதி. அதற்குப் பிசியோவின் கையெழுத்து வேண்டும். தேவராசா பக்கத்தில் நின்று, செயலாளர் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்தார்.

"நடந்தது நடந்துபோச்சாம். நீர் இதிலை கையெழுத்து வைச்சால் உம்மட அபராதத்தைக் கிளப்பே கட்டுமாம். வருச லீவுக்குக் குடும்ப டிக்கெட்டும் வழமைபோலத் தருவினமாம். வைக்காட்டி ரெண்டும் இல்லையாம். இவ்வளவும் அவர் சொன்னது." குரல் மாறவில்லை, முகமும் மாறவில்லை. "இனி நான் சொல்லுறது. வைச்சீரெண்டால் அந்த மனுசனை ஆஸ்பத்திரிக் கட்டிலிலை இருந்து நேரே பிளேனிலை ஏத்தி விடுவினம். எட்டு மாசக் காசும் போச்சு. தலையை ஆட்டும் ஐசே, நான் இன்னும் மொழிபெயர்க்கிறன் எண்டு அவர் நினைக்கோணும்."

நான் தலையாட்டினேன். செயலாளரும் திருப்தியாகத் தலையாட்டினார்.

"கோச்சிடம் மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். வியாழன் காலை, வியாழன் மாலை, வெள்ளி மத்தியானம். அப்படி எழுதித் தாருங்கள், உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லுங்கள்."

"இவ்வளவும் சொல்லவோ, சுருக்கிச் சொல்லவோ?"

"சுருக்கியே சொல்லுங்கள்."

அவர் சொன்னது இரண்டே சொல். செயலாளர் கெட்ட மனிதர் இல்லை; தலைவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு ஒரு கஹ்வா, அதாவது அரபிக் காப்பி, ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, தாளை மடித்து இழுப்பறையில் போட்டார்.

வீட்டில் மங்களாவிடம் சொன்னேன். ஏப்ரலில் அவள் தம்பிக்குக் கல்யாணம். ஊருக்குப் போகப் பெட்டி வாங்கி வைத்திருந்தாள்.

"டிக்கெட் தரமாட்டாங்களா?"

"தரமாட்டாங்க."

"கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலியே?"

"இல்லை."

"அப்ப சரி. நாமளே வாங்கிக்குவோம்" என்றாள். பெட்டியைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, "அந்த மனுஷனுக்குக் கஞ்சி குடுக்கலாமான்னு கேளுங்க. ஆஸ்பத்திரில என்னத்தப் போடுறாங்களோ" என்றாள்.

கஞ்சியோடு போனேன். ஆறாம் நாள், வீட்டுக்கு விடப் போகிறார்கள். ஆர்ச்சிக்கு அன்று நடந்தது எதுவுமே நினைவில்லை. இடைவேளையில் தண்ணீர் குடித்தது வரை இருந்தது, அதற்குப் பிறகு தொட்டி. கஞ்சியைச் சந்தேகமாகக் கலக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"டாக், என்னை எப்படி வெளியே கொண்டுவந்தீங்க?"

ஸ்ட்ரெச்சரிலா என்றுதான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"நீங்களே நடந்து வந்தீங்க."

"நிஜமா?"

"கோட்டுல இருந்து தொட்டி வரைக்கும். எண்பத்து மூணு அடி. நான் கூட வந்தேன், அவ்வளவுதான்."

கஞ்சியை முழுக்கக் குடித்தார். என் மணிக்கட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். நாடி பார்க்க வேண்டியவன் நான். அன்று அவர் பிடியிலேயே என் கை இருந்தது, நர்ஸ் வரும் வரை.

ஜனவரியில் திரும்ப ஆடினார். பக்கம் மாறி நிழலுக்கு வந்தபோது பயிற்சியாளர் வாயைத் திறக்கவில்லை. கிழக்குப் படிக்காரர்கள் மட்டும் புதுப் பாட்டு கண்டுபிடித்தார்கள்: "போ மாமா போ, நெழலுக்கே போ!" மே மாதம் எட்டு மாதச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், அந்த ஆறு ரூமையும் முடித்தார். அபராதத்தைப் பற்றியோ டிக்கெட்டைப் பற்றியோ அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் கொடுக்க வருவார்; வாங்கிக்கொண்டால் அது வேறு கணக்காகிவிடும்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், நான் போகாமல் முப்பது வரை எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. அந்தச் சந்தேகத்தை இந்த வேலையில் கடைசி வரை வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஓடிப்போய்க் காப்பாற்றியவனுக்கு அவசியமில்லாமல் ஓடினேனோ என்ற கேள்வி மிச்சம் இருக்கும். இருக்கட்டும். அது தாங்கக்கூடிய கேள்வி.

அனுமதியில்லாமல் மைதானத்துக்குள் போனதற்கு அபராதம் 750 திர்ஹம். மெட்ராஸுக்கு எனக்கும் மங்களாவுக்கும் தலைக்கு 1,480, மகளுக்கு அரை டிக்கெட் 740. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்டோபர் சம்பளத்தில் தேவராசா தலையைக் குனிந்துகொண்டே இன்னொரு சீட்டை நீட்டினார்: ஆள் படுத்த ஐஸில் கிடந்த புட்டிகளை விருந்தாளிகள் தொடவில்லை, ஆகவே 144 புட்டி, 144 திர்ஹம். அன்று மணலில் கிடந்தவற்றையும் தொட்டியில் மிதந்ததையும் நான் எண்ணியிருக்கிறேன், தாடையைப் பிடித்துக்கொண்டு வேறென்ன செய்வது, 131தான் இருந்தன. போய்ச் சண்டை போட மங்களா விடவில்லை. ஆகமொத்தம் நியாயமாக 4,581 ஆகியிருக்க வேண்டும். என்னிடமிருந்து போனது 4,594 திர்ஹம்.